பாடகிக்காகக் காத்திருந்த டோலக்

புதுப் பாட்டு கேசட் கடைக்கு வந்த அன்றே எங்கள் கீபோர்டு அண்ணன் வாங்கிவிடுவார். தொண்ணூறுகளில் மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் பாடிக்கொண்டிருந்த காலம் அது. இளையராஜா பாட்டென்றால் பயிற்சிக்கு இரண்டு நாளாவது வேண்டும். டேப்பை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் சுற்றி, வயலின் எங்கே முடிகிறது, புல்லாங்குழல் எங்கே நுழைகிறது என்று காதாலேயே பிரித்தெடுப்பார்கள். ஒலிப்பதிவில் ஒரு கூட்டமே வாசித்ததை இங்கே ஒரு கீபோர்டிலும் ஒரு கிட்டாரிலும் கொண்டுவர வேண்டும். இளையராஜாவே சினிமாவுக்கு முன் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர் என்பதால், அவர் பாட்டின் மேல் மேடைக்காரர்களுக்குத் தனி உரிமை உண்டு.

பங்குனி முதல் ஆடி வரை கோயில் திருவிழாக் காலம், வீடு தங்க முடியாது. விருதுநகர் பங்குனிப் பொங்கல், இருக்கன்குடி ஆடிக் கடைசி வெள்ளி என்று வேன் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவேதான் தூக்கம். பயணத்தை நினைத்தாலே வீட்டில் பயம், 1989-ல் பாடகர் ஏ.எம். ராஜா கச்சேரிக்குப் போகும் வழியில் வள்ளியூர் ரயில் நிலையத்தில் விழுந்து இறந்ததை அம்மா மறக்கவே இல்லை.

பெண்களுக்கு மேடைக்குப் பின்னால் ஒரு தட்டி மறைப்புதான். கழிப்பறை கிடையாது என்பதால் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டோம். பாடுகிறவளுக்கு அதைவிடக் கொடுமை உண்டா? பாட்டுக்காரி என்று வாடகைக்கு வீடு தர மறுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சாமி புறப்பாடு முடிந்து பத்து மணிக்குமேல் விநாயகர் பாட்டில் ஆரம்பிப்போம். நடுநிசியில் சீட்டுகள் வரத் தொடங்கும். பத்து ரூபாய்த் தாளோடு மடித்து, இன்ன பாட்டு வேண்டும் என்று எழுதியிருப்பார்கள்.

விடிகாலை மூன்று மணிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். சரணத்தில் உச்சிக்குப் போகும் முன் டோலக் அண்ணன் பக்கம் திரும்பினாலே போதும். "நீ மூச்சு வாங்கிக்க தங்கச்சி, நான் ஓட்டுறேன்" என்பார், உதடு மட்டும் அசையும். அந்த இடத்தில் கூடுதலாக ஓர் உருட்டல் போடுவார், கூட்டம் விசிலடிக்கும். நான் சோடாவில் ஒரு மடக்கு குடித்துவிட்டு எடுப்பேன். எடுத்த கணம் அவர் கை வந்து சேரும். குரல் ஏறவே ஏறாது என்று தெரிந்தால் அடுத்த பாட்டைக் கீபோர்டு அண்ணன் சொல்லாமலே அரைக்கட்டை இறக்கிவிடுவார்.

2000-ல் ஒலி மாசு விதிகள் வந்தன. 2005-ல் உச்ச நீதிமன்றமும் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று உறுதியாகச் சொன்னது. விடிய விடியக் கச்சேரி அதோடு அடங்கியது. பச்சைக் குழந்தை தூங்கும் வீடுகளை நினைத்தால் அது நியாயம்தான். ஆக்டபேட் என்ற மின்னணுத் தாளக் கருவி வந்து டோலக்கையும் தபலாவையும் ஓரங்கட்டியது. பிறகு முன்பே பதிவு செய்த பின்னணி இசையான ட்ராக் வந்தது; இசைக்குழுவே ஒரு பென் டிரைவில் அடங்கிவிட்டது.

2006-ல் தொலைக்காட்சியில் சூப்பர் சிங்கர் பாட்டுப் போட்டி தொடங்கியபின் வந்த பிள்ளைகள் எங்களைவிடச் சுத்தமாகப் பாடுகிறார்கள். அவர்களுக்கு ஓட்டலில் அறை போடுகிறார்கள், பேமெண்ட் போனிலேயே வந்துவிடுகிறது. மகளைப் பாட அனுப்பப் பெற்றோர் தயங்குவதில்லை. இதையெல்லாம் மனசாரக் கொண்டாடுகிறேன். ஆனால் ட்ராக்குக்குக் கண் கிடையாது. பாடுகிறவளுக்கு மூச்சு முட்டினாலும் அது தன்பாட்டுக்குப் போகும். ஜனங்கள் இன்னொரு முறை கேட்கிற பல்லவிக்குத் திரும்பி வராது. அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு டோலக் காத்திருந்தால் எப்படிப் பாடுவார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

அதனால் ஒரு கச்சேரியை ஒப்புக்கொள்ளும்போதே, நாலு பாட்டுக்காவது ட்ராக் வேண்டாம், ஒரு கீபோர்டும் டோலக்கும் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். "ட்ராக்குலயே டோலக் இருக்கேம்மா" என்பார்கள் விழாக் கமிட்டியில். டோலக் அண்ணனுக்கான பணத்தை என் பேமெண்டில் பிடித்துக்கொள்ளச் சொல்வேன்.