முகமனும் வாய்மையும்

சிரம்பான் நகரையொட்டிய ரஹாங்கிலும், நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்களிலும் வளர்ந்த நம்மில் பலருக்கும் பழகிய காட்சி ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்த தந்தை ஒருவர் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, "பையன் எப்படிப் படிக்கிறான், சார்?" என்று கேட்கிறார். பையன் மூன்றாம் ஆண்டில் இருக்கிறான். எழுத்துக்கூட்டிப் படிக்கவே இடர்ப்படுகிறான். ஆசிரியர் அதை அறிவார். எனினும் எதிரே இருக்கும் களைத்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு நா எழவில்லை. "பரவாயில்லைங்க, இன்னும் கொஞ்சம் முயற்சி செய்தால் நன்றாக வந்துவிடுவான்" என்கிறார். தந்தை மனநிறைவோடு கைகூப்பிவிட்டுப் போகிறார்.

அங்கே கடுஞ்சொல் ஒன்றும் எழவில்லை. சொல்லப்பட்டதைப் பொய் என்றும் கூறிவிட இயலாது. இருவரும் ஒருவரையொருவர் மதித்தே பேசினர். ஆயினும் அந்த உரையாடலால் சிறுவன் ஓராண்டை இழந்தான். வீட்டில் எவரும் அவனை அருகில் அமர்த்திப் படிக்க வைக்கப் போவதில்லை. ஏனெனில் அவனுக்கு அது தேவை என்பதே எவருக்கும் தெரியாது.

உண்மைக்கும் பண்பான பேச்சுக்கும் இடையே நாள்தோறும் நிகழும் இந்த இழுபறியையே இங்கு ஆராய முற்படுகிறோம். இரண்டில் எதை விடுவது என்று கேட்பதே பிழையான தொடக்கம் என்பது நம் துணிபு. எதனைச் சொல்கிறோம் என்பது வாய்மைக்கு உரியது. எவ்வாறு சொல்கிறோம் என்பது முகமனுக்கு உரியது. முகமன் தன் எல்லையைக் கடந்து செய்தியையே விழுங்கும்பொழுதுதான் தீங்கு நேர்கிறது.

இலக்கணம் காட்டும் வழி

இப்பாகுபாடு நமக்குப் புதியதன்று. பிறரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்குத் தொல்காப்பியம் மூன்று சொற்களைக் குறிப்பிடுகிறது. இழிந்தோன் உயர்ந்தோனிடம் 'ஈ' என்பான். ஒத்தோரிடம் கேட்பவன் 'தா' என்பான். உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் 'கொடு' என்பான். அக்காலச் சமூகத்தின் உயர்வு தாழ்வுகளை இப்பாகுபாடு சுமந்து நிற்கிறது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. நாம் கருத வேண்டியது வேறொன்று. சொல் மூன்றாக மாறியபோதும் கேட்கப்படும் பொருள் மாறவில்லை. மரியாதை சொல்லின் வடிவத்தை மாற்றியது, செய்தியைத் தொடவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தகுதி வழக்கு என்பதன்கீழ் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றினை வகுக்கிறது. அவையில் சொல்லத்தகாததை மறைத்து வேறு வாய்பாட்டால் சொல்வது இடக்கரடக்கல். "கால் கழுவி வந்தேன்" என்பது போல. அமங்கலமானதை மங்கலமாகச் சொல்வது மங்கலம். செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது போல. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் சொல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது போல.

இம்மூன்றனுள் முன்னிரண்டும் எவரையும் ஏமாற்றுவதில்லை. "காலமானார்" என்று கேட்டவர் எவரும் அவர் உயிரோடு இருப்பதாக எண்ணுவதில்லை. விருந்தினர் "போய்வருகிறேன்" என்றால் அவர் உடனே திரும்புவார் என்று உலை வைப்பாரும் இல்லை. சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் வழக்கு ஒன்றே ஆதலால், சொல் மென்மையாயினும் பொருள் முழுமையாகச் சேர்கிறது. குழூஉக்குறியின் நிலை வேறு. அது கூட்டத்தாருக்கு வெளிப்படை; வெளியாருக்கு மறை. 'பரவாயில்லை' என்ற சொல் பள்ளிகளில் சில வேளைகளில் இவ்வாறே ஆகிவிடுகிறது. 'இவன் பின்தங்கியிருக்கிறான்' என்பது அதன் பொருள் என ஆசிரியர் அறை முழுதும் அறியும். தந்தை மட்டும் அறியார்.

முகம் என்னும் பொருள்

பண்பான பேச்சைக் குறிக்கத் தமிழில் 'முகமன்' என்ற சொல் உள்ளது. முகம் கொடுத்துப் பேசுதல், முகம் வாடுதல், முகத்தில் அடித்தாற்போல் பேசுதல், முகதாட்சணியம் என நம் வழக்குகள் பலவும் முகத்தையே சுற்றி வருகின்றன. நம் மலாய் அயலார் ஒருவருடைய மானத்தை 'ஆயேர் மூக்கா' என்பர். சொல்லுக்குச் சொல் 'முகத்து நீர்' என்று பொருள். அந்த நீர் வற்றாமல் காப்பது அவர்களுக்கும் பெருங்கடமை.

பண்பான பேச்சைப் பற்றி 1978-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வொன்றும் முகத்தையே அடிப்படையாகக் கொண்டது. பெனிலோப் பிரவுன், ஸ்டீவன் லெவின்சன் ஆகிய இருவரும் அதனைச் செய்தனர். அவர்கள் முதன்மையாக எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவில் வழங்கும் செல்டால், கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் தமிழ். ஒவ்வொருவருக்கும் முகம் இரண்டு வகையில் உண்டு என்பது அவர்கள் கருத்து. பிறர் தம்மை ஏற்க வேண்டும், விரும்ப வேண்டும் என்பது ஒன்று. பிறர் தம்மை நெருக்காமல் விட வேண்டும் என்பது மற்றொன்று. வேண்டுகோளும் மறுப்பும் கண்டனமும் இவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தாக்குவன. அத்தாக்குதலைத் தணிக்கவே மனிதர் சுற்றி வளைத்துப் பேசுகின்றனர்.

மெய்யியலறிஞர் பால் கிரைஸ் 1967-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளில் உரையாடலின் மறுபக்கத்தைக் காட்டினார். பேசுவோர் நான்கு நெறிகளைக் கைக்கொள்வர் என்று கேட்போர் எதிர்பார்க்கின்றனர்: தேவையான அளவு சொல்லுதல், உண்மையைச் சொல்லுதல், தொடர்புடையதைச் சொல்லுதல், தெளிவாகச் சொல்லுதல். நம் ஆசிரியரின் 'பரவாயில்லை' உண்மை என்னும் நெறியை நேரே மீறவில்லை. தேவையான அளவு என்னும் நெறியை மீறியது. பொய் சொல்லாமலே ஒருவரை இருளில் விட முடியும் என்பதற்கு இதுவே சான்று.

வள்ளுவர் வைத்த எல்லை

திருக்குறளில் இனியவை கூறல் இல்லறவியலிலும், வாய்மை துறவறவியலிலும் அமைந்துள்ளன. இரண்டும் வெவ்வேறு வாழ்க்கைக்கு உரியன என்று இதனால் கருதிவிடலாகாது. இன்சொல்லுக்கு இலக்கணம் கூறும் முதற்குறளிலேயே, அது அன்பு கலந்ததாகவும் வஞ்சனை அற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்கிறார் வள்ளுவர். வாய்மைக்கு இலக்கணம் கூறுமிடத்தில், தீமை சிறிதும் பயவாத சொல்லே வாய்மை என்கிறார். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் இசைகிறார்.

இந்த இசைவைப் பலர் தமக்கு வாய்ப்பாக எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் அங்கே விதிக்கப்பட்ட நிபந்தனை கடியது. நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும். அது கேட்பவருக்கோ பிறருக்கோ விளையும் நன்மையாக இருத்தல் வேண்டும். சொல்பவருக்கு ஏற்படும் சங்கடம் நீங்குவது அக்கணக்கில் சேராது. தந்தையின் முகம் வாடாமல் காத்ததாக ஆசிரியர் எண்ணினார். உண்மையில் அவ்வாட்டத்தைக் காணும் துன்பத்திலிருந்து தம்மையே காத்துக்கொண்டார்.

இங்கே ஓர் அளவுகோலை முன்வைக்கிறோம்: நம் சொல்லை நம்பிக் கேட்பவர் அடுத்து என்ன செய்வார்? அடுத்த வீட்டார் உணவு வேளையில் வருகிறார். "சாப்பிட்டீங்களா?" என்கிறோம். "ஆயிற்று" என்கிறார். சாப்பிடாதவராகவே இருக்கலாம். நாம் மீண்டும் வற்புறுத்துவோம். மூன்றாம் முறை அவர் அமர்வார். அந்த வழக்கு இருவரும் அறிந்தது, எவரும் ஏமாறவில்லை. அதே மனிதர் மருத்துவமனையில், "மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா?" என்ற வினாவிற்கு, கேட்பவர் மனம் கோணக் கூடாது என்று "சாப்பிட்டேன்" என்றால் நிலைமை மாறுகிறது. மருத்துவர் அதை நம்புவார். மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுவார். சொல் ஒன்றே, அதனை நம்பியவரின் செயலே வேறுபாட்டைக் காட்டுகிறது.

அச்சத்தால் விளைந்த பணிவு

பணிவெல்லாம் பண்பாகிவிடாது. இதனை நம் தோட்ட வரலாறு நன்கு உணர்த்துகிறது. 1941-ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சார்ந்த ஆர். எச். நாதன் அவர்களை வழிநடத்தினார். ஊதிய உயர்வும், தமிழ்க் கல்வியும், மருத்துவ வசதியும், கள்ளுக்கடை மூடுதலும் அவர்கள் கோரிக்கைகளில் இருந்தன. அவற்றோடு மேலும் இரண்டு இருந்தன. துரையோ தோட்டத்துப் பணியாளரோ எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய கட்டாயம் நீங்க வேண்டும் என்பது ஒன்று. பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் வேண்டும் என்பது மற்றொன்று. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். போராட்டத்தை ஒடுக்கப் படை வந்தது; தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

சைக்கிளும் பேச்சுரிமையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது தற்செயலன்று என்று கருதுகிறோம். கண்டவுடன் இறங்கி நிற்க வேண்டியவன், நின்ற இடத்தில் உண்மையைப் பேச இயலாது. பெரட்டுக் களத்தில் கங்காணியும் கிராணியும் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பதே அவன் அறிந்த காப்பு. அந்தச் "சரி" இசைவையும் காட்டாது, மறுப்பையும் காட்டாது. அச்சத்தால் வரும் பணிவு கீழே இருப்பவனின் வாயை அடைக்கிறது. அதனால் மேலே இருப்பவன் செவிடனாகிறான். ஆகவே உண்மை பேசும் பொறுப்பை எளியவர்மீது மட்டும் சுமத்துதல் முறையன்று. உண்மை பேசுவதற்கு இடம் அமைத்துத் தருவது வலியவரின் முதற்கடமை.

வகுப்பறைக்கு வருவோம்

இக்கடமை ஆசிரியர்க்கு நேரே பொருந்தும். "புரிந்ததா?" என்று கேட்கிறோம். "புரிந்தது, ஐயா" என்று முப்பது குரல்கள் எழுகின்றன. அது விடையன்று, மரியாதை. "புரியவில்லை" என்பது ஆசிரியரைக் குறை கூறுவதாகிவிடுமோ என்று மாணவர் அஞ்சுகின்றனர். "இதில் எந்த வரி கடினமாக இருந்தது?" என்று கேட்டுப் பார்ப்போம். கடினம் இருப்பதை நாமே ஏற்றுக்கொண்டு கேட்பதால், அதைச் சொல்வது குற்றமாகாது. மாணவரின் பணிவும் கெடாது.

2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. அதன்பின் வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரையான அடைவுநிலைகளுக்கும் ஆசிரியரின் குறிப்புகளுக்கும் முன்னிலும் கூடுதலான எடை வந்துள்ளது. தேர்வுத்தாள் சொன்னதை இனி ஆசிரியரே சொல்ல வேண்டும். 'அடைவுநிலை 2' என்று மட்டும் சொல்லி நிறுத்துவதும் பெற்றோருக்குக் குழூஉக்குறியே.

மறுபுறம், "மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்" என்று பெருமை கொள்வாரும் உண்டு. "நீ உருப்படமாட்டாய்" என்று வகுப்பு முன்னிலையில் சொல்வதை அவர்கள் நேர்மை என்கின்றனர். அது உண்மையே அன்று. "இந்தக் கணக்கு தவறு" என்பது உண்மை. "உருப்படமாட்டாய்" என்பது எவரும் அறிய இயலாத எதிர்காலத்தைப் பற்றிய சாபம். நண்பர் நெறி தவறுமிடத்து இடித்துரைக்கவே நட்பு என்ற வள்ளுவர், கனி இருக்கக் காயைத் தின்பதைப் போன்றது கடுஞ்சொல் கூறுதல் என்றும் உணர்த்தினார். இரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

அப்படியாயின் அந்தத் தந்தையிடம் எவ்வாறு சொல்லியிருக்கலாம்? "உட்காருங்கள். பையன் நல்ல பிள்ளை. பள்ளிக்குத் தவறாமல் வருகிறான். ஆனால் அவன் வயதுப் பிள்ளைகள் வாசிப்பதுபோல் இன்னும் வாசிக்க வரவில்லை. இந்த ஆண்டே கவனித்தால் சரிசெய்துவிடலாம். தினமும் இரவில் ஒரு பக்கம் உங்கள் முன்னால் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பள்ளியில் நான் பார்த்துக்கொள்கிறேன்." இதில் முகமன் குறையவில்லை. பாராட்டு மெய்யானது; குறை வெளிப்படையாக உள்ளது; அடுத்துச் செய்ய வேண்டியதும் சொல்லப்பட்டது. தந்தையின் முகம் ஒரு கணம் வாடும். அந்த வாட்டத்தைக் கண்டும் அவர் அருகில் அமர்ந்திருப்பதே ஆசிரியர் அவருக்குத் தரும் மரியாதை.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல விழைகிறோம். "மன்னிக்கவும் ஐயா, அந்த இரண்டாம் வரி எனக்கு விளங்கவில்லை" என்பதில் பணிவும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. நாளை வகுப்பில் ஒருவர் அதைச் சொல்லித் தொடங்கினால், அவர் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கும் அது துணையாகும்.