மேசை ஒன்று செய்ய வல்லீர்களா?



உங்கள் முன்னுள்ள மேசையை நீங்களே செய்ய இயலுமா? இவ்வினாவை என்னுள் எழுப்பியது ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்.

'சர்வைவர்ஸ்' என்னும் அத்தொடரின் பெயருக்கு 'எஞ்சியோர்' என்பது பொருள். டெர்ரி நேஷன் படைத்த அதனைப் பி.பி.சி. நிறுவனம் 1975 முதல் 1977 வரை 38 பகுதிகளாக ஒளிபரப்பியது. ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை உடைகிறது. விமானப் பயணிகளோடு கொள்ளைநோய் நாடு நாடாகப் பரவுகிறது. மக்களுள் மிகச் சிலரே எஞ்சுகின்றனர்.

இடிந்த மாநகரங்களைக் காட்டப் பெரும்பொருள் வேண்டும். இத்தொடருக்கோ அஃது இல்லை. ஆகவே பெரும்பாலும் நாட்டுப்புறத்து வெறுஞ்சாலைகளையும் ஆளற்ற வீடுகளையுமே காட்டினர். காட்சியின் பகட்டுக் குறையவே, சிந்தனைக்கு இடம் மிகுந்தது.

முதற் பகுதியில் ஏபி கிராண்ட் என்னும் தாய், மகனைத் தேடி அவனது விடுதிப் பள்ளிக்குச் செல்கிறாள். அங்கே முதிய ஆசிரியர் ஒருவரைக் காண்கிறாள். கிடைப்பனவெல்லாம் ஒருநாள் தீரும். பின்னர் யாவற்றையும் செய்யக் கற்றாக வேண்டும் என அவர் உணர்த்துகிறார்.

எண்ணிப் பாருங்கள். மேசைக்கு மரம் மட்டும் போதுமா? அதை அறுக்க வாள் வேண்டும்; வாளுக்கு இரும்பு வேண்டும்; இரும்புக்குச் சுரங்கமும் உலையும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதனை அறிந்த ஒருவர் வேண்டும். அறிந்தவர் மாண்டால் அறிவும் உடன் மாளும்.

அக்காட்சி என் நெஞ்சில் தைத்தது. நெம்புகோல் விதியைப் பல்லாண்டுகள் மாணவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தேன்; ஒரு கடப்பாரையை அவர்கள் கையில் கொடுத்தேனில்லை.

நூலறிவு வேண்டாமென்று நான் கூறவில்லை. வரும் விடுமுறையில் சிறு மணை ஒன்றேனும் செய்து பாருங்கள். வளைந்துபோகும் முதல் ஆணி, உங்கள் பாடநூல் சொல்லாத ஒன்றைச் சொல்லும்.