பித்தளைச் சாமானும் பிராசோப் பேணியும்



பெருநாள் நெருங்கிவிட்டால் நமது வீடுகளில் பரணில் கிடக்கும் பித்தளைச் சாமான்கள் முற்றத்துக்கு வந்துவிடும். வட்டா, படிக்கம், பன்னீர்ச் செம்பு, கெண்டி, குடம் என்று ஒவ்வொன்றாக இறக்கி, ஒரு பக்கம் பழப்புளியும் சாம்பலும், மறுபக்கம் பிராசோப் பேணியுமாக வேலை தொடங்கும். இவற்றில் எதை எதற்குப் பாவிப்பது என்று அறிந்திருப்பது அழகுக்காக மட்டுமல்ல, பிள்ளைகளின் சுகத்துக்காகவும் அவசியமாகும்.

வன்னியில் வாழும் நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா போன்ற ஊர்களைச் சேர்ந்த நம்மவர்கள் கையில் எடுத்த சொற்பப் பொருளோடுதான் சென்றார்கள். குடும்பச் சாமான்கள் வீட்டோடு நின்றுவிட்டன. 2009இல் யுத்தம் முடிந்த பின் மீள்குடியேறியவர்களிடம் பழைய பித்தளை ஒன்றிரண்டு இருந்தாலே பெரிது. அதில் உம்மும்மாவின் பெயர் வெட்டப்பட்டிருந்தால் அதன் பெறுமதியை யார் சொல்வது?

ஏன் கறுக்கிறது?

பித்தளை என்பது செம்பும் நாகமும் கலந்த உலோகம். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. காற்றும் ஈரமும் செம்போடு சேரும்போது மேற்பரப்பு மங்கிக் கறுக்கிறது. நாள் செல்லச் செல்லப் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. முல்லைத்தீவுக் கரையோரம் போல உப்புக் காற்று வீசும் இடங்களில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

பழப்புளியிலும் தேசிக்காயிலும் உள்ள புளிப்பு இந்தக் கறையைக் கரைத்துவிடும். சாம்பல் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். நமது மூத்தவர்கள் இரண்டையும் கைக்கொண்டது வெறும் பழக்கத்தினால் அல்ல. ஆனால் புளி தேய்த்த சாமானை நன்றாகக் கழுவி, உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். புளி தங்கினால் மீண்டும் கறுக்கும். வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கடினமானது. அது தானாகக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் விழும்.

பிராசோ செய்யும் வேலை

பிராசோவை இங்கிலாந்தின் ஹல் நகரத்து ரெக்கிட் கம்பெனி 1905ஆம் ஆண்டளவில் வெளிக்கொண்டு வந்தது. இத்தகைய திரவங்களில் மிக நுண்ணிய மணல் தூள் அல்லது வெண்களி, மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த திரவம், அமோனியா ஆகியவை இருக்கும். மூக்கில் ஏறும் அந்த நெடி அமோனியாவினுடையது. தூள் கறையைச் சுரண்டி எடுக்கிறது. மற்றவை அதனை இளக்குகின்றன.

பேணியை நன்றாகக் குலுக்கி, பழைய பருத்தித் துணியில் சிறிதளவு ஊற்றித் தேய்க்க வேண்டும். காய்ந்து வெண்படலமானதும் வேறொரு சுத்தமான துணியால் மினுக்க வேண்டும். யன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தூரமாக இருந்து செய்யுங்கள். அது தீப்பற்றக் கூடியது.

ஒவ்வொரு தடவையும் உலோகத்தில் ஒரு சிறு படை தேய்ந்து போகிறது என்பதை மறக்க வேண்டாம். வாரந்தோறும் மினுக்கினால் பூவேலையும் பெயரெழுத்தும் மங்கிவிடும். வருடத்தில் ஓரிரு முறை போதும். முலாம் பூசிய சாமான்களுக்கு இதனைப் பாவிக்கவே கூடாது, முலாம் போய்விடும்.

உட்புறத்துக்கு ஆகாது

பிராசோ வெளிப்புறத்துக்கு மட்டுமே. உண்ணும், குடிக்கும் பாத்திரத்தின் உள்ளே அதனைத் தடவக் கூடாது. உட்புறத்துக்குத் தேசிக்காயும் உப்பும் போதும். வெளியே மினுக்கிய பின் பாத்திரம் முழுவதையும் சவர்க்காரம் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவுங்கள்.

ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் புளியாணம், தயிர், அச்சாறு போன்றவற்றை வைக்காதீர்கள். புளிப்பில் செம்பு கரைந்து உணவில் சேரும். வயிற்றுவலியும் வாந்தியும் அதனால் வரலாம்.

ஈயம் பூசுவதிலும் கவனம் தேவை. நாம் பொதுவாக ஈயம் என்று சொல்வது இரண்டு உலோகங்களை. வெள்ளீயம் பாத்திரத்துக்கு உகந்தது. காரீயமோ நஞ்சு, சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பற்றவைக்கும் ஈயத்தில் காரீயம் கலந்திருப்பது வழக்கம். ஆகவே பூசுபவரிடம் வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

பிள்ளைகள் விஷயத்தில்

பிராசோவைச் சோடாப் போத்தலிலோ கோப்பையிலோ ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை எட்டாத உயரத்தில் அதன் பேணியிலேயே இருக்கட்டும். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். அந்தத் திரவம் நுரையீரலுக்குள் போய்விட்டால் பேராபத்து. பேணியையும் எடுத்துக்கொண்டு தாமதமின்றி வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

மார்க்க விளக்கம்

பித்தளைப் பாத்திரத்தைப் பாவிப்பதில் தடையேதும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் பித்தளைப் பாத்திரத்தில் கொண்டுவரப்பட்ட தண்ணீரில் வுழூச் செய்ததை அப்துல்லாஹ் பின் ஸைத் (ரழி) அவர்கள் அறிவித்திருப்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. தங்கம், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதும் பருகுவதுமே தடுக்கப்பட்டவை.

மினுக்கும் துணியில் ஒட்டும் கறுப்பு நஜீஸ் அல்ல. அது உலோகக் கறைதான். எனினும் விரல்களிலும் நக இடுக்குகளிலும் பசையாகப் படிந்திருந்தால் வுழூவின் தண்ணீர் தோலைச் சென்றடையாது. ஆகவே முதலில் சவர்க்காரத்தால் கையைக் கழுவி, பின்னர் வுழூச் செய்யுங்கள்.

இம்முறை பெருநாளைக்கு வட்டாவை மினுக்கும்போது உங்கள் பெண் பிள்ளைகளையும் அருகில் இருத்திக்கொள்ளுங்கள். எதை எதற்குப் பாவிப்பது என்பதையும், அதில் வெட்டியிருக்கும் பெயர் யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். இரண்டுமே அவர்களுக்குச் சேர வேண்டிய அமானிதம்.