உதிர்ந்த பழமும் உறிஞ்சும் பொறியும்

ஆயர் குரோவுக்கு அருகிலுள்ள புக்கிட் லிந்தாங்கில் 1896-ல் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டங்களுள் ஒன்று அது எனலாம். பிற்காலத்தில் ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை எழுந்தது. அதனுடன், உதிர்ந்த பழங்களைக் குனிந்து பொறுக்கும் வேலையும் வந்தது.

செம்பனைக் குலை பழுத்ததும் பழங்கள் தாமே கழன்று விழும். எண்ணெய் மிகுந்தவை இவையே, விட்டுவிட்டால் நட்டம். அடிபட்ட பழத்திலோ நொதி ஒன்று எண்ணெயைச் சிதைத்து அமிலத்தைப் பெருக்கும். ஆகவே நாள் கடத்தாமல் பொறுக்குதல் வேண்டும்.

இதற்கென மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உறிஞ்சும் பொறியை உருவாக்கியது. அது வேலை செய்யும் விதம் எளிது. விசிறி காற்றை இழுக்கும்; பழமும் சருகும் குழாய்வழி மேலேறும். அகன்ற கலத்தை அடைந்ததும் காற்றின் வேகம் தணியும். கனமான பழம் கீழே தங்கும். சருகு காற்றோடு வெளியேறும்.

ஆனால் கல்லும் மண்கட்டியும் பழத்தைப் போலவே கனமுடையவை. அவற்றைக் காற்று பிரித்தறியாது, கை பிரித்தறியும். எனவே மரத்தடி வட்டத்தைத் துப்புரவாக வைத்திருப்பதே முதற்பணி. அங்கேதான் பொறி முழுப்பயன் தரும். பொறுக்குவோரின் முதுகுக்கும் ஓய்வு கிட்டும்.