டெலிவிஷன் பழசு, குச்சி புதுசு!

கூடத்தில் இருக்கும் டெலிவிஷனுக்கு வயது எட்டு. படம் பளிச்சென்று தெரிகிறது, ஒலியிலும் குறையில்லை. ஆனால், பேரன் கேட்கும் சினிமா மட்டும் அதில் வர மாட்டேன் என்கிறது. "இதைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கிவிடலாம்" என்கிறான் மகன். "நன்றாக ஓடுகிற பெட்டியைத் தள்ளுவதாவது!" என்கிறார் தாத்தா. இன்று பல வீடுகளில் நடக்கும் வழக்கு இது.

தீர்ப்பு பெரும்பாலும் தாத்தா பக்கந்தான்!

திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருக்கும் மூளைக்குத்தான் வயதாகிவிட்டது. 2019 டிசம்பரில், நெட்பிளிக்ஸ் நிறுவனம் சில பழைய டெலிவிஷன்களில் தன் படங்கள் ஓடுவதை நிறுத்திக்கொண்டது. அவற்றின் திரை அன்றும் நன்றாகவே இருந்தது! மூளையை மட்டும் மாற்றிக்கொள்ள வந்தவைதாம் 'ஸ்டிரீமிங்' சாதனங்கள். 2008-ல் ரோக்கு என்ற அமெரிக்கக் கம்பெனி 100 டாலருக்கு ஒரு சிறு பெட்டியை வெளியிட்டது. 2013-ல் கூகிள் கம்பெனி, குரோம்காஸ்ட் என்ற விரல் பருமனுள்ள சாதனத்தை 35 டாலருக்குத் தந்தது. மறு ஆண்டே அமேசானின் 'ஃபயர் டி.வி. ஸ்டிக்' வந்தது. குச்சி என்ற பெயர் அப்படி நிலைத்துவிட்டது.

பின்பக்கம் பாருங்கள்

கடைக்குப் போகுமுன் டெலிவிஷனின் முதுகைப் பார்க்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் கவலையில்லை. 2006-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் இலவசமாக வந்த கலர் டெலிவிஷனைப் போன்ற பழைய 'பிக்சர் டியூப்' பெட்டி என்றால், இடையே ஒரு மாற்றுக் கருவி தேவை. அப்படியும் சில படங்கள், திருட்டைத் தடுக்கப் போட்டிருக்கும் பூட்டினால் ஓட மறுத்துவிடும். அந்தச் செலவு வீண்தான்.

குச்சிக்கு மின்சாரமும் வேண்டும். டெலிவிஷனில் உள்ள யு.எஸ்.பி. துளையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்று பலர் நினைக்கிறார்கள். பல டெலிவிஷன்களில் அது அரை ஆம்பியர்தான் தரும். குச்சிக்கு அது போதாமல், பாதிப் படத்தில் அணைந்து அணைந்து எரியும். கூடவே வரும் அடாப்டரைச் சுவரில் செருகுவதே சரி.

இன்டர்நெட் வேகத்தையும் கவனிக்க வேண்டும். முழு எச்.டி. படத்துக்கு 5 மெகாபிட் வேகம் போதும். '4-கே' படத்துக்கு 15 வேண்டும் என்கிறது நெட்பிளிக்ஸ். வீட்டு டெலிவிஷனே 4-கே இல்லை என்றால், 4-கே குச்சிக்கு அதிகப் பணம் கொடுப்பானேன்?

மலிவுப் பெட்டி

"எல்லாச் சானலும் இலவசம், சந்தாவே கிடையாது" என்று பெயர் தெரியாத பெட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. இங்கேதான் உஷார் வேண்டும். இத்தகைய பெட்டிகளில் சில, தொழிற்சாலையிலேயே விஷ மென்பொருள் ஏற்றப்பட்டு வருவதாக அமெரிக்க எப்.பி.ஐ. போலீஸ் 2025 ஜூனில் எச்சரித்தது. வாங்கியவர் சினிமா பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வீட்டு இன்டர்நெட் இணைப்பை எவனோ ஒரு திருடன் தன் காரியத்துக்கு உபயோகித்துக்கொண்டிருப்பான்!

அட்டையில் '4-கே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் மயங்க வேண்டாம். 'வைட்வைன் எல்-1' என்னும் அத்தாட்சி இல்லாத ஆண்ட்ராய்டு பெட்டியில், பணம் கட்டிப் பார்க்கும் படமும் மங்கலாகத்தான் வரும். கடைக்காரரிடம் இந்த ஒரு சொல்லைக் கேட்டால் போதும். அவர் விழிக்கிற விழியிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

கடைசியாக ரிமோட். மலிவான சில குச்சிகளின் ரிமோட்டில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானே இருக்காது. அதற்குப் பழைய ரிமோட்டைத் தேட வேண்டும். இரண்டு ரிமோட்டுடன் தாத்தா படும் பாட்டைப் பார்ப்பதைவிட, கடையிலேயே அதை அவர் கையில் கொடுத்து அமுக்கிப் பார்க்கச் சொல்லிவிடலாம்.