கவுன்சில் கூட்டத்தில் நமக்கு மைக் இருக்கா?

அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர். நகரசபைக் கூட்டம் நடக்குது. ஒரு பாட்டி மைக் முன்னாடி வந்து நின்னு, தெருவில் இருக்கிற குழியைப் பத்தி மூணு நிமிஷம் கிழி கிழின்னு கிழிக்கிறாங்க. மேயர் வாயைத் திறக்காம கேட்டுட்டு இருக்கார். இந்த மாதிரி வீடியோ உங்க ஃபோன்லயும் வந்திருக்கும். ஊருக்குப் போயிருந்தப்போ அம்மாகிட்ட காட்டினேன். முழுசா பாத்துட்டு, "இங்க நான் போய் இப்படி நின்னா விடுவாங்களாடா?"ன்னு கேட்டாங்க.

எங்க ஊர் திருவண்ணாமலை. எனக்குப் பதில் தெரியல. அப்புறம் தேடிப் படிச்சதுதான் இந்த எபிசோட்.

நேரடியான பதில்: விடமாட்டாங்க. மாமன்றக் கூட்டத்தில் பேசுறது மேயரும் கவுன்சிலர்களும். கேள்விக்குப் பதில் சொல்றது கமிஷனரும் அதிகாரிகளும். பொதுமக்கள் கூட்டத்தைப் பார்க்கலாம்னு 1920-ம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே இருந்தது, அதுவும் தலைவர் வெளியே போகச் சொல்லாத வரைக்கும். பார்க்கலாம், அவ்வளவுதான். உங்க தெரு சாக்கடை அந்த ஹாலுக்குள்ள போகணும்னா கவுன்சிலர் வாய் வழியாத்தான் போகணும். பல ஊர்களில் அஜெண்டாவில் இருக்கிற அத்தனை பொருளையும் "ஆல் பாஸ்"னு ஒரே மூச்சில் முடிச்சிடுறதும் நமக்குத் தெரிஞ்ச கதை.

இதுல எனக்கு உறுத்தின விஷயம் ஒண்ணு இருக்கு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். டவுன்ல ஆரம்பிச்சு நடந்தா பின்பக்கம் அடி அண்ணாமலை வரும். அது ரொம்ப காலம் ஊராட்சியா இருந்தது. அப்போ அங்க இருந்தவருக்குக் கிராம சபை இருந்தது. வருஷத்துக்கு ஆறு நாள், வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா போதும், எழுந்து கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். அதே மலையைச் சுத்தி டவுன் பக்கம் குடியிருந்தவருக்கு ரொம்ப காலம் அப்படி ஒரு சபையே இல்ல. ஒரே மலை, ஒரே பௌர்ணமிக் கூட்டம், உரிமை மட்டும் வேற வேற.

காரணம் அரசியலமைப்பிலேயே இருக்கு. 1992-ல் ரெண்டு திருத்தம் வந்தது. 73-வது திருத்தம் கிராமங்களுக்கு; அதுல கிராம சபை பேரோட இருக்கு. 74-வது திருத்தம் நகரங்களுக்கு; அதுல சபை கிடையாது, வார்டு குழு மட்டும்தான். அதுவும் 3 லட்சம் பேருக்கு மேல இருக்கிற ஊர்களுக்குத்தான் கட்டாயம். 2011 கணக்கெடுப்புப்படி திருவண்ணாமலை நகராட்சியோட மக்கள்தொகை சுமார் 1.45 லட்சம். அதாவது எங்க ஊர் அந்த வரிகளுக்குள்ளயே வராது. கேரளா தன் நகராட்சிச் சட்டத்திலேயே, சின்ன நகரங்களுக்கும் வார்டு சபை வச்சு இந்த ஓட்டையை அடைச்சிடுச்சு.

நம்ம பக்கம் கவுன்சிலர்களே இல்லாத காலம் ஒண்ணு இருந்தது, ஞாபகம் இருக்கா? 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்சது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். நடுவில் அஞ்சு வருஷத்துக்கு மேல தனி அலுவலர் நிர்வாகம்தான். அந்தத் தேர்தல் முடிஞ்ச பிறகு, 2022-லேயே, வார்டு குழு, பகுதி சபா விதிகள் வந்தது. அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்னிக்குத் தமிழ்நாடு முழுக்க பகுதி சபா கூட்டங்கள் நடந்தது. தாம்பரம் மாநகராட்சியின் பம்மல்ல நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் உட்கார்ந்திருந்தார்.

பகுதி சபான்னா என்ன? ஒரு வார்டைச் சில பகுதிகளாப் பிரிப்பாங்க. அந்தப் பகுதியில் ஓட்டு இருக்கிற எல்லாருமே உறுப்பினர். ஃபார்ம் கிடையாது, சந்தா கிடையாது. அங்க பேசுறது பதிவாகி, கவுன்சிலர் தலைமையில் இருக்கிற வார்டு குழுவுக்குப் போகும். அங்கிருந்து மன்றத்துக்கு. கூட்டம் நடத்த நாலு நாள் குறிச்சிருக்காங்க: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. சென்னையில் வாடகைக்கு இருந்துக்கிட்டு ஓட்டை ஊர்லயே வச்சிருக்கிற என்னை மாதிரி ஆளுங்க கவனிங்க. நீங்க தினம் நடக்கிற தெருவோட சபாவுக்கு நீங்க உறுப்பினர் இல்ல.

திருவண்ணாமலை 2024 ஆகஸ்ட்ல மாநகராட்சி ஆயிடுச்சு. இப்போ இன்னொரு பிரச்சினை. மாநில அளவில் 2025 தொடக்கத்தில் ஊராட்சிகளை நகரத்தோட இணைக்கிற அறிவிப்பு வந்தப்போ, பல கிராமங்களில் எதிர்ப்பு கிளம்பிச்சு. நூறு நாள் வேலை போயிடும், வரி ஏறிடும்னாங்க. நியாயமான பயம்தான். ஆனா அதோட கிராம சபையும் போகுதேன்னு பேசினவங்க கம்மி. அரசியலமைப்பு கொடுத்த ஒண்ணைக் கொடுத்துட்டு, மாநில விதி கொடுத்த ஒண்ணை வாங்கிக்கிறோம். ரெண்டும் ஒரே எடை இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன்.

சரி, கடைசியா நடந்த கூட்டத்துக்கு அம்மாவோட நானும் போனேன். எனக்கு ஓட்டு அங்கதானே. எஞ்சினியர் இல்லையா, 11 கோரிக்கையை ஷீட் போட்டு, கலர் அடிச்சு எடுத்துட்டுப் போனேன். பாதிக்கு மேல அந்தச் சபாவுக்குச் சம்பந்தமே இல்லாதது. மின்வெட்டு மின்வாரியம். பஸ் போக்குவரத்துக் கழகம். கோயில் நிர்வாகம் அறநிலையத்துறை. பௌர்ணமி ஏற்பாட்டைத் தீர்மானிக்கிறது மாவட்ட நிர்வாகம். மலை வனத்துறை. கோயில் ஊர்ல இதுதான் சிக்கல்: நம்ம வாசல்ல இருக்கிற ஒரு பிரச்சினைக்கு மூணு, நாலு சொந்தக்காரங்க. தப்பான டீமுக்கு டிக்கெட் போட்டா ஆபீஸ்ல என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

சில சமயம் இது வெறும் சலிப்போட முடியறதில்ல. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழை. மலையடிவாரத்தில் வ.உ.சி. நகர்ல மண்ணும் பாறையும் சரிஞ்சு வீட்டு மேல விழுந்து 7 பேர் இறந்தாங்க. அதுல 5 பேர் குழந்தைங்க. அந்த மாதிரி சரிவில் குடியிருக்கிற ஒருத்தர் கேள்வி கேட்கணும்னா, மேல இருக்கிற பாறை வனத்துறை, வீட்டு மனை வருவாய்த்துறை, தண்ணி இறங்கிற கால்வாய் மாநகராட்சி. பகுதி சபாவில் கால்வாயைக் கேட்கலாம். பாறையைப் பத்தி கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை குறைதீர் நாள்ல மனு கொடுக்கணும். ஒரே பயத்துக்கு ரெண்டு வரிசை. ஆனா ரெண்டும் எழுத்தில் இருக்கணும்.

எழுத்துன்னதும் அம்மாகிட்ட திரும்ப வர்றேன். என் ஷீட்டைப் பாதியிலேயே மடிச்சு வச்சுட்டேன். அம்மா எழுந்து ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாங்க. தெருமுனைக் கம்பத்து லைட். எந்தக் கம்பம், எந்தத் தேதியிலிருந்து எரியலை, அவ்வளவுதான். எல்லாரும் அடுத்த ஆள் பக்கம் திரும்பிட்டாங்க. அம்மா உட்காரல.

"நோட்டுல ஏத்திட்டீங்களா? கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

படிச்சுக் காட்டினாங்க. தேதியை மட்டும் திருத்தச் சொல்லிட்டு உட்கார்ந்தாங்க. அந்த நோட்டுப் பக்கத்தோட நகல் வேணும்னா தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோட கேட்கலாம், 30 நாளுக்குள்ள பதில் வரணும். அம்மா பேர்ல மனு எழுதி வச்சிருக்கேன். ஒரு மாசம் பொறுத்துப் போடுடா, அதுக்குள்ள லைட்டே வந்தாலும் வரும்ங்கிறாங்க.

அடுத்த எபிசோட் சொத்து வரி. உங்க வீட்டு ரசீதைத் தேடி எடுத்து வச்சுக்குங்க.