சத்தமா பேசுங்க தாத்தா!

முகமது அலின்னா நமக்கு ஞாபகம் வர்றது அந்தக் குத்துதான். ஆனா, அமெரிக்கப் பத்திரிகைகள் அவருக்கு வெச்ச பட்டப் பேரு என்ன தெரியுமா? 'லூயிவில் லிப்'. லூயிவில் அவரோட சொந்த ஊர், லிப்னா வாய்! ரிங்குக்குள்ள ஏறுறதுக்கு முன்னாடியே எதிராளியை வாயாலேயே பாதி சாய்ச்சுடுவார் மனுஷன்.

அப்பேர்ப்பட்ட குரல் கடைசி வருடங்களில் முணுமுணுப்பாகச் சுருங்கிப்போனது. காரணம், 1984-ல் அவருக்குக் கண்டுபிடிக்கப்பட்ட பார்க்கின்சன் நோய். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அவர் ஜோதி ஏற்றியதை உலகமே பார்த்தது. கை நடுக்கம் எல்லார் கண்ணிலும் பட்டது. குரல்?

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1968 முதல் 1981 வரையிலான அலியின் பேட்டிகளை எடுத்து, கம்ப்யூட்டரில் அலசி, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த இடைவெளியில் அவர் பேச்சு வேகம் சுமார் 26 சதவிகிதம் குறைந்திருந்தது. அதாவது, டாக்டர்கள் நோயைச் சொல்வதற்கு முன்பே குரல் சொல்லிவிட்டது! 1980-ல் அலி மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டியில் ஆடினாரே, அதுவும் இந்தக் காலகட்டத்தில்தான்.

பம்ப் வீக்... வால்வு லீக்!

பார்க்கின்சனில் மூளைக்குள் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிகின்றன. விளைவு, உடம்பின் அசைவுகள் எல்லாம் சின்னதாகிவிடும். நடையில் அடி குறுகும், கையெழுத்து எறும்பு சைஸுக்குப் போகும். அதே மாதிரிதான் குரலும்.

பேச்சுக்கு நுரையீரல்தான் பம்ப், தொண்டையில் இருக்கும் குரல் நாண்கள் வால்வு. நெஞ்சுத் தசைகள் விறைத்துப்போனால் காற்று முழுசாக உள்ளே போகாது. குரல் நாண்கள் சரியாக ஒட்டாமல்போனால், இருக்கிற காற்றும் வீணாகும். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு தீர்ந்துபோகும். ஏற்ற இறக்கம் இல்லாமல், கரகரவென்று, சில சமயம் வார்த்தைகள் ஒன்றன் மேல் ஒன்று விழுகிற மாதிரி பேச்சு வரும். இந்த நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஏதோ ஒரு கட்டத்தில் குரல் அல்லது பேச்சுப் பிரச்னையைச் சந்திக்கிறார்கள்.

இதுல பெரிய சிக்கல் என்னன்னா, பேசுறவருக்கே அது தெரியாது! "நான் நல்லாத்தான் பேசுறேன், உனக்குத்தான் காது மந்தம்"னு தாத்தா சொன்னா, அது வீம்பு இல்லை பாஸ். அவர் மூளைக்கு அந்தக் குரல் நார்மலாத்தான் கேட்குது. நாம நார்மல்னு நினைக்கிற சத்தத்துல பேசச் சொன்னா, கத்துற மாதிரி கூச்சப்படுவார். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு டக்னு புரியும்... அவுட்புட் மட்டும் குறையலை, சென்ஸாரும் தப்பா ரீடிங் காட்டுது!

மூச்சு மட்டும் போதுமா?

மூச்சுதானே பிரச்னை, மூச்சுப் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடாதா? அமெரிக்காவில் இதையே சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு மூச்சுப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு உரக்கப் பேசும் பயிற்சி. இரண்டு வருடம் கழித்துப் பார்த்ததில், உரக்கப் பேசிப் பழகியவர்களின் குரல்தான் நன்றாகத் தாக்குப்பிடித்தது. 2001-ல் வெளியான முடிவு இது. பம்பை மட்டும் பலப்படுத்தினால் பத்தாது, சென்ஸாரையும் திருத்த வேண்டும்.

அந்த உரக்கப் பேசும் பயிற்சியின் பேர் 'எல்.எஸ்.வி.டி. லவுட்'. 1987-ல் உருவானது. லீ சில்வர்மேன் என்ற பார்க்கின்சன் நோயாளியின் பேச்சு தங்களுக்குக் கேட்க வேண்டும், புரிய வேண்டும் என்று அவர் குடும்பம் ஆசைப்பட்டது. அவர் பேரையே இந்தப் பயிற்சிக்கு வைத்துவிட்டார்கள். வாரத்துக்கு 4 நாள், தினம் ஒரு மணி நேரம், 4 வாரம். நீளமாக 'ஆ...' சொல்வதில் தொடங்கி, தினசரி பேசும் வாக்கியங்கள் வரை எல்லாமே பலத்த குரலில். வீட்டுப்பாடமும் உண்டு! பிரிட்டனில் 388 பேரிடம் நடந்து 2024-ல் வெளியான ஆய்விலும், வழக்கமான பேச்சுப் பயிற்சியைவிட இதுவே நல்ல பலன் தந்தது. சிலருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதும் உண்டு. அதனால், ஸ்பீச் தெரபிஸ்ட் மேற்பார்வையில்தான் பழக வேண்டும்.

அப்போ மூச்சுப் பயிற்சி வேஸ்ட்டா? இல்லவே இல்லை. ஸ்பிரிங் வால்வு வைத்த சின்னக் கருவிக்குள் பலமாக ஊதும் பயிற்சி ஒன்று இருக்கிறது. 2010-ல் வெளியான, 60 பேர் பங்கேற்ற ஆய்வில், 4 வாரம் இப்படி ஊதியவர்கள் முன்பைவிடப் பாதுகாப்பாக விழுங்கினார்கள். சாப்பாடு புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். பார்க்கின்சன் நோயாளிகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் அது ஒன்று.

நாம என்ன செய்யலாம்?

* பேசும்போது டி.வி-யை ஆஃப் பண்ணிட்டு, எதிர்ல உட்காருங்க.
* "என்னது?"ன்னு சலிச்சுக்காதீங்க. "சத்தமா தாத்தா"ன்னு சிரிச்சுக்கிட்டே ஒரே வார்த்தை போதும்.
* அவர் வாக்கியத்தை நீங்க முடிச்சுவைக்காதீங்க. காத்திருங்க.
* சாப்பிடும்போது அடிக்கடி இருமினா, உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க.
* குரல் இறங்கினாலே பார்க்கின்சன்னு நீங்களா முடிவு கட்டாதீங்க. காரணம் வேறயாவும் இருக்கலாம், காட்டிடுங்க.

யாருக்கும் கேட்கலைன்னா, ஒரு கட்டத்துல மனுஷங்க பேசுறதையே நிறுத்திடுவாங்க. "தாத்தா இப்பெல்லாம் அமைதியாயிட்டார்"னு நாமளும் கடந்து போயிடுவோம். அவர் அமைதியாகலை ஃப்ரெண்ட்ஸ், அவர் வால்யூம் இறங்கியிருக்கு. அதை ஏத்த வழியும் இருக்கு!